விரல் வைக்கும் இடம்

1974 பிப்ரவரி 6, புதன்கிழமை

இன்று ஒரு தவறு செய்தேன். சிறியதுதான். யித்கா டாக்டரின் சோதனைத் தாளில் ஒரு சொல்லுக்கு விரல் வைக்காமலே என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். மாலையில் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. திரும்பிப் போய், முடிந்த தாள்களை வைக்கும் அலுவலகத் தட்டிலிருந்து தாளையும் பத்திரிகையையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். சோதனைத் தாளை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. ஒரு தவறைத் திருத்தப் போய் இன்னொன்று.

விரல் வைப்பது எங்கள் கம்பெனியின் வழக்கம். மருத்துவப் பத்திரிகைகளில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அது எதைப் பற்றியது என்று சொல்லும் தலைப்புச்சொற்களைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதித் தருவதுதான் எங்கள் வேலை. உலகத்தில் எங்கோ ஒரு மருத்துவர் ஒரு நோயையோ மருந்தையோ பற்றித் தேடும்போது அந்தச் சொல் வழியாகத்தான் கட்டுரை அவர் கைக்குப் போய்ச் சேரும். அரசாங்க மருத்துவ நூலகத்தில் பத்திரிகைகள் மலைபோலக் குவிவதால் அவர்கள் இந்த வேலையை எங்களுக்கு ஒப்பந்தத்தில் விட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு மொழிப் பத்திரிகைகளை நாங்கள் வீடுகளுக்கு அனுப்புகிறோம். அங்கே மொழி தெரிந்தவர்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து தாள் நிரப்புவார்கள். வந்ததைச் சரிபார்ப்பது நான்.

மேலாளர் ஃபிட்ச் முதல் நாள் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. ஒரு சொல்லைப் போட்டால் அது கட்டுரையில் எந்த இடத்தில் இருக்கிறதென்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். நமக்குத் தெரிந்தது, நாம் வேறெங்கோ படித்தது, நாம் நினைப்பது எதற்கும் தாளில் இடமில்லை. விரல் வைக்க முடியாத சொல்லை அழித்துவிட வேண்டும்.

யித்கா டாக்டர் போட்டிருந்த தாள் ஒரு செக் பத்திரிகைக் கட்டுரைக்கு. கைக்குழந்தைகளுக்குக் காசநோய் மூளைவரை பரவும்போது ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டு, பல வருடங்கள் கழித்துப் பார்த்த பலன்களைப் பற்றியது. மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் 'சிகிச்சைப் பயன்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே 'பக்க விளைவு' என்றும் எழுதி, முக்கியம் என்பதற்கான நட்சத்திரக் குறியும் போட்டிருந்தார்.

எனக்குச் செக் தெரியாது. மாலை வகுப்பில் இரண்டாம் வருடம் ரஷ்யன் படிக்கிறேன். செக் பத்திரிகைகளில் கட்டுரையின் முடிவில் ரஷ்யனிலும் ஆங்கிலத்திலும் ஒரு சுருக்கம் இருக்கும். அதை வைத்துத்தான் சரிபார்க்கிறேன். இரண்டு சுருக்கத்திலும் பக்க விளைவு பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள்ளே எங்காவது இருக்கும், யித்கா டாக்டர் தவறுவாரா என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் தாளை நான் பார்ப்பதே சரியா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. சில்வர் ஸ்பிரிங்கில் அவர் வீட்டின் கீழ்த்தளத்தில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். இதை ஃபிட்சிடம் சொன்னேன். "ரஷ்யன் படிக்கிறவ இங்க நீ ஒருத்திதான். சீனாக்காரனா வந்து பாப்பான்?" என்றார்.

சாதாரண தாளாக இருந்தால் இவ்வளவு யோசிக்க மாட்டேன். ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி யாருக்கு என்று முடிவு செய்யுமுன், வீட்டிலிருந்து வேலை செய்பவர்களைச் சோதிக்க வேண்டும் என்று நூலகம் கேட்டிருக்கிறது. ஆளுக்கு ஒரு தாள். வெள்ளிக்கிழமை மதியம் நூலகத்து வண்டி வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போகும். அங்கே அந்தந்த மொழி படித்தவர் சொல் சொல்லாகப் பார்ப்பார். நட்சத்திரம் போட்ட சொல் தவறாக இருந்தால் வீட்டு வேலை கிடையாது. ராக்வில்லில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து காலை முதல் மாலை வரை மேற்பார்வையாளர் முன்னால் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

மற்றவர்களுக்கு அது ஒரு சலிப்பு, அவ்வளவுதான். யித்கா டாக்டரால் முடியாது. அவருடைய கணவர் விலேமுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நவம்பரில் யித்கா கடைக்குப் போயிருந்த நேரத்தில் குளியலறையில் விழுந்து, அவர் திரும்பி வரும்வரை ஓட்டுத்தரையில் கிடந்தார். அதன்பிறகு அவரைத் தனியாக விடுவதில்லை.

பேருந்திலிருந்து இறங்கியபோது மழையும் பனியும் கலந்து பெய்துகொண்டிருந்தது. சமையலறைக் கதவைத் திறந்ததும் வெங்காயம் வதங்கும் வாசனை. இருவரும் மாவுருண்டை அறுத்துக்கொண்டிருந்தார்கள். நீளமாக உருட்டி வேகவைத்த மாவைக் கத்தியால் அறுத்தால் அமுங்கிவிடும் என்று நூலால்தான் அறுப்பார்கள். அதற்கு இரண்டு கை வேண்டும். நூலின் ஒரு முனையை விலேம் இடது கையில் பிடித்துக்கொள்வார். மறு முனையை யித்கா சுற்றி இழுப்பார்.

"இழு, இழுன்னா இழு. நூலைப் புடிச்சிட்டுத் தூங்குறியா?" என்றார் யித்கா.

"டாக்டரம்மா, நான் ஒத்தக்கை ஆளு. கொஞ்சம் மரியாதையாப் பேசு. உள்ள வாம்மா இன்ஸ்பெக்டர்! இன்னைக்கு யார் தலையை உருட்டின?"

நான் சரிபார்ப்பவள் என்று தெரிந்த நாளிலிருந்து விலேம் என்னை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்.

"உங்க வீட்டம்மா தலையைத்தான்" என்றேன். சொன்ன பிறகு, இப்படி ஆரம்பித்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

யித்கா திரும்பவில்லை. "என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல டாக்டர். அந்த ஸ்ட்ரெப்டோமைசின் கட்டுரை. பக்க விளைவுன்னு போட்டிருக்கீங்க. சுருக்கத்துல காணோம். எந்தப் பக்கம்னு சொன்னீங்கன்னா தாள் ஓரத்துல குறிச்சுக்குவேன்."

"சுருக்கத்தை வச்சா பாப்பாங்க? நாலாவது பக்கம். அட்டவணைக்குக் கீழே. 'மூன்று குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் முற்றிலும் போயிற்று' அப்படின்னு ஆரம்பிக்கும். பெரிய வரி. உக்காரு, சூப் ஆறுது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. காய்ந்த காளான் போட்ட உருளைக்கிழங்கு சூப். மூவரும் சாப்பிட்டோம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் பங்குகளின் முன்னால் நிற்கும் கார் வரிசையைப் பற்றி விலேம் பேசினார். ஜார்ஜியா அவென்யூவில் ஒருவன் வரிசையில் நின்றபடியே காருக்குள் சவரம் செய்துகொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். "நாங்க ரொட்டிக்கு வரிசை, கறிக்கு வரிசைன்னு நின்னு பழகினவங்க. இவங்களுக்கு நிக்கவே தெரியல. ஹாரன் அடிச்சா வரிசை நகருமா?"

சாப்பிட்டு முடித்ததும் பத்திரிகையை எடுத்து நாலாவது பக்கத்தைத் திறந்து யித்காவிடம் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டார். விரலை அட்டவணைக்குக் கீழே கொண்டுபோனார். விரல் அங்கேயே நின்றது. பிறகு பக்கத்தின் அடிவரை இறங்கியது. அடுத்த பக்கத்துக்குப் போனது. முதலிலிருந்து மறுபடி வந்தது.

"அச்சுல பக்கம் மாறியிருக்கும்" என்றார் விலேம்.

"சும்மா இரு."

கட்டுரை முழுவதையும் உதடு அசைய மெதுவாகப் படித்தார். நான் பாத்திரங்களை எடுத்துத் தொட்டியில் போட்டேன். சத்தம் வரக் கூடாதென்று ஒவ்வொன்றாக வைத்தேன். இரண்டாம் முறை படித்தார். அவர் கழுத்து சிவந்திருந்தது.

"இல்ல" என்றார்.

"சரி விடு. நாளைக்குப் பாரு."

"இல்ல விலேம். இல்ல. நான் படிச்சேன். உனக்கும் படிச்சுக் காட்டினேன். இந்த மேசையில வச்சு. நீ கேட்டியா இல்லையா?"

விலேம் மேசையில் இருந்த ரொட்டித் துகளை இடது கைவிரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினார். "கேட்டேன்" என்றார்.

"அப்ப எங்க போச்சு?"

 யித்கா பத்திரிகையை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, அடுப்பைத் துடைக்கப் போனார். அதை ஏற்கெனவே துடைத்திருந்தார்.

கீழே வந்து இதை எழுதுகிறேன். மேலே நடக்கும் சத்தம் கேட்கிறது. ஐம்பது வயதுப் பெண்மணிக்கு மறதி வரலாம். ஆனால் இல்லாத ஒரு வரியை முழுசாகப் படித்தேன் என்று சொல்வது மறதி இல்லை. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் தலைப்புச்சொல் புத்தகத்தில் தேடினால் இருக்கும். தேடவில்லை.

பிப்ரவரி 7, வியாழக்கிழமை

இன்று வகுப்புக்குப் போகவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். பேச்சை அப்படியே எழுதவே முயல்கிறேன். சில இடங்களில் என் காது தவறியிருக்கலாம்.

எண்ணெய் மிச்சம் பிடிக்க ஜனவரியிலேயே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். அதனால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது இன்னும் இருட்டு. பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் கையில் டார்ச். மேலே ஏறி வந்தபோது சமையலறையில் விலேம் மட்டும் இருந்தார். யித்கா விடியுமுன்பே பெட்ரோல் வரிசைக்குப் போய்விட்டாராம். நான் எழுந்துவிடும் நேரம், விலேம் தனியாக இருக்க மாட்டார் என்று தெரிந்துதான் போயிருக்கிறார்.

"காப்பி போட்டிருக்கு. ஊத்திக்க. எனக்கும் ஊத்து. கொதிக்கக் கொதிக்க வேணாம், கை நடுங்கும்" என்றார் விலேம்.

ஊற்றினேன்.

"இன்ஸ்பெக்டர், நேத்து ராத்திரி ஒரு பொண்ணு தன் மூளையே கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அழுதா. அதைப் பாத்துட்டு நான் சும்மா படுத்திருந்தேன். சொல்லிடணும்னு தோணிச்சு, ஆனா சொல்லல. உன்கிட்ட முதல்ல சொல்லிப் பாக்குறேன்."

"என்ன சொல்லணும்?"

"அந்த வரி இருந்துச்சு."

"எந்தப் பத்திரிகையில?"

"பத்திரிகையில இல்ல. நான் அடிச்சதுல. அறுபத்தேழு குளிர்காலம். இவ ஆஸ்பத்திரியில கட்டுரை எழுதினா. அங்க டைப்ரைட்டர் பெரிய டாக்டர் அறையில இருக்கும், கேக்கக் கூடாது. நான் டிராம் பணிமனையில எஞ்சினியர். வேலை முடிஞ்சப்புறம் அங்க இருந்த மிஷின்ல உக்காந்து ரெண்டு விரலால அடிச்சேன். 'மூன்று குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் முற்றிலும் போயிற்று. ஊசியின் அளவு அதிகம் என்றே கருத வேண்டியிருக்கிறது.' அதுல 'ஊசி'யை மூணு தடவை தப்பா அடிச்சேன். அதனாலதான் ஞாபகம் இருக்கு. அடுத்த ஆகஸ்ட்ல ரஷ்யன் டாங்கி ஊருக்குள்ள வந்துச்சு, நாங்க ஒரு பெட்டியோட கிளம்பிட்டோம். கட்டுரை அங்கயே பெரிய டாக்டர் மேசையில."

நான் காப்பியைக் கீழே வைத்தேன். "இது அந்தக் கட்டுரையா?"

"பாதிக்கு மேல அவ வாக்கியம். தலைப்பை மாத்தி, அஞ்சு வருஷக் கணக்கைச் சேத்து, மேல வேற ரெண்டு டாக்டருங்க பேரைப் போட்டிருக்காங்க. ஓடிப்போனவ பேரை அங்க அச்சுல போட முடியாதும்மா. அதை விடு, அது எங்களுக்கே தெரியும். ஆனா அந்த வரி..." அவர் கோப்பையைத் தூக்கினார். சிந்தாமல் குடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "இவ எனக்குப் படிச்சுக் காட்டும்போது அந்த இடத்துல சத்தமாப் படிச்சா. இல்லாததைத்தான் படிச்சிருக்கா. எனக்கும் ஒண்ணும் வித்தியாசமாத் தெரியல. அங்க அது இருக்கணும். அதனால இருந்துச்சு."

"அவங்களுக்கே தன் கட்டுரைன்னு தெரியாதா?"

"தெரியாம? முதல் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கு மூஞ்சியை உம்முனு வச்சுக்கிட்டு, 'வந்த வேலையைப் பாப்போம்'னா. பாத்தா."

யித்கா திரும்பி வந்ததும் கிளம்பினேன். அலுவலகத்துக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். தாளை யாருக்கும் தெரியாமல் தட்டில் வைத்துவிட்டு இருந்துவிடலாம். அல்லது நானே அந்த இரண்டு சொற்களை அழித்துவிடலாம். அழித்தால் தாள் சுத்தமாகத் தேறும். யித்கா வீட்டிலேயே வேலை செய்யலாம். ஆனால் என் கையால் அவருடைய தாளில் ஒன்றை அவருக்குத் தெரியாமல் எடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததற்குச் சரியான காரணம் அப்போது சொல்லத் தெரியவில்லை.

ஃபிட்சிடம் போய், ஒரு தாளை வீட்டுக்கு எடுத்துப் போனேன், அதில் ஒரு சொல்லுக்கு இடம் கிடைக்கவில்லை என்றேன். கட்டுரையின் கதையைச் சொல்லவில்லை.

அவர் ஊறுகாய் வெள்ளரி வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். "யாரு, யித்கா பொகோர்னா அம்மாவா? அவங்களா?"

"ஆமா சார்."

"அவங்க போயிட்டா செக், ஸ்லோவாக், போலிஷ் மூணையும் யாரு படிக்கிறது? நீயா?"

"முடியாது சார்."

"பின்ன? இங்க எல்லாரையும் பென்சில்ல எழுதச் சொல்றது எதுக்கு? அழிக்கத்தானே. போய் அவங்களையே அழிக்கச் சொல்லு. நாளைக்கு மதியம் வண்டி வர்றதுக்குள்ள தட்டுல இருக்கணும். நான் எதையும் பாக்கல."

"அவங்க அழிக்க மாட்டேன்னு சொன்னா?"

ஃபிட்ச் மெல்லுவதை நிறுத்தினார். "வெர்னா, நான் கெட்டவன் இல்ல. அவங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லன்னு தெரியும். ஆனா சோதனை என்னோடது இல்ல. ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும், அப்புறம் ஜூன்ல நமக்கு எல்லாருக்கும் வேலை இல்ல. புரியுதா?"

புரிந்தது. அவர் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் தொந்தரவாக இருந்தது.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது யித்கா நேற்று மிச்சமான மாவுருண்டைத் துண்டுகளை வெண்ணெயில் வறுத்து மேலே முட்டை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். விலேம் சொல்லிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அழுகை இல்லை. மூளை கெட்டுவிடவில்லை என்று தெரிந்த நிம்மதி ஒரு பக்கம். அதைவிட மோசமான ஏதோ இன்னொரு பக்கம்.

"ஃபிட்ச் என்ன சொன்னாரு?" என்றார்.

சொன்னேன்.

"சரியாத்தான் சொல்றாரு. நானா இருந்தாலும் அழின்னுதான் சொல்லியிருப்பேன். தட்டை எடு."

சாப்பிட்டோம்.   பிறகு யித்கா, முட்கரண்டியைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அளவு எழுதிக் கொடுத்தது பெரிய டாக்டர். ஊசி போட்டது நான். முதுகுத்தண்டுல. அப்ப அது இல்லாட்டி குழந்தை பிழைக்காது. பிழைச்சுதுங்க. ஒரு பொண்ணு, பதினஞ்சு மாசம். அவ அம்மா செங்கல் சூளையில வேலை. ஞாயித்துக்கிழமைதான் வர முடியும், அதுவும் வார்டுக்கு வெளிய, ஜன்னல்கிட்ட. ஒரு தகரத் தட்டும் கரண்டியும் எடுத்துட்டு வந்து ஜன்னல்ல தட்டித் தட்டிக் கூப்பிடுவா. வார்டுல இருக்கிற எல்லாக் குழந்தையும் திரும்பும். அவ பொண்ணு திரும்ப மாட்டா. 'கோவமா இருக்கா டாக்டர், நான் வாரம் முழுக்க வரலைன்னு கோவம்'னு சொன்னா. நானும் ஆமான்னு சொன்னேன்."

விலேம் இடது கையை மேசைமேல் அவர் பக்கமாக நகர்த்தினார். யித்கா அதைத் தொடவில்லை. தட்டி விடவும் இல்லை.

"கடுதாசி எழுதலாமே டாக்டர்" என்றேன். "பத்திரிகை ஆசிரியருக்கு. உங்க பேரு போட்டு. இங்க இருக்கிற பத்திரிகைக்காவது. அது அச்சானா அதுக்கும் நாமதானே தாள் போடுவோம். அப்ப விரல் வைக்க இடம் இருக்கும்." பேருந்தில் இதை யோசித்து வைத்திருந்தேன். நல்ல யோசனை என்று நினைத்தேன்.

"என் தங்கச்சி அந்த வார்டுலதான் நர்ஸு. இன்னும் அங்கதான் இருக்கா" என்றார்.

பிறகு கையை நீட்டினார்.

"தாளைக் கொடு."

கொடுத்தேன். அழிரப்பரை எடுத்தார். மேசை ஓரத்தில் அதைத் தேய்த்துச் சுத்தம் செய்துகொண்டு, 'பக்க விளைவு' மேல் வைத்துத் தேய்த்தார். அழுத்தி எழுதும் பழக்கம் அவருக்கு. பென்சில் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. சொல் போன பிறகும் தடம் போகவில்லை. மறுபடி தேய்த்தார். தாள் மெலிந்து, நகம் அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்தது.

விலேம் சிரித்துவிட்டார். "ஆப்பரேஷன் சக்ஸஸ் டாக்டரம்மா. நோயாளிதான் போயிட்டான்."

"வாயை மூடு. இதைச் சிரிக்கிற விஷயமா வச்சிருக்கியே." ஆனால் அவருக்கும் உதடு கோணியது. "வெர்னா, வெறும் தாள் இருக்கா?"

என் பையில் எப்போதும் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் புதிதாக எழுத ஆரம்பித்தார். பத்திரிகையின் பெயர், பக்கம், ஆசிரியர்கள் பெயர். தலைப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அடைப்புக்குறிக்குள். மனிதர், ஆண், பெண், கைக்குழந்தை என்ற கட்டங்களில் குறி. நான் தொட்டியில் பாத்திரம் கழுவினேன். விலேம் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து இடது கையால் துடைத்துத் தந்தார். கரண்டி ஒன்று கீழே விழுந்தது. அவர் குனியப் போக, "விடு, நான் எடுக்குறேன்" என்று யித்கா எழுதிக்கொண்டே சொன்னார். விலேம் அதற்குள் மேசைக்காலைப் பிடித்துக் குனிந்து எடுத்துவிட்டார்.

"இந்தா. சரிபாரு" என்று யித்கா தாளை நீட்டினார்.

கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த முறை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் பத்திரிகையில் இடம் கேட்டேன். அவர் விரல் வைத்தார். காசநோய், இந்தப் பத்தி. மூளை உறை, இங்கே. தொடர்கண்காணிப்பு, தலைப்பிலேயே. ஸ்ட்ரெப்டோமைசின், சிகிச்சைப் பயன், இங்கே, இங்கே, முடிவுரையிலும். அடுத்த வரிக்கு வந்தேன்.

ஸ்ட்ரெப்டோமைசின், பக்க விளைவு. நட்சத்திரம்.

அவர் கை பழக்கத்தில் எழுதிவிட்டதென்றே முதலில் நினைத்தேன்.  "டாக்டர், மறுபடி வந்திருக்கு" என்று மெதுவாகச் சொன்னேன்.

"தெரியும். போன தடவை தெரியாமப் போட்டேன். இந்தத் தடவை தெரிஞ்சு போட்டிருக்கேன்."

"ஆனா அழிச்சீங்களே."

"அழிக்க முடியுதான்னு பாத்தேன். முடிஞ்சுது. திரும்ப எழுதும்போது அந்த வரியைத் தாண்டிப் போக முடியல."

"விரல் வைக்கச் சொன்னா?"

அவர் பத்திரிகையை இழுத்து நாலாவது பக்கத்தைத் திறந்தார். அட்டவணையில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி, வயது, எடை, ஊசியின் அளவு. கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெறும் காகிதம். அந்த வெறும் இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க அந்த வரி இருந்துச்சு" என்றார்.

நான் பார்த்தேன். காகிதம் வெள்ளையாக இருந்தது. அவர் விரல்நகத்தின் ஓரத்தில் மாவு காய்ந்திருந்தது.

"டாக்டர், எங்கயோ ஒருத்தர் இந்தச் சொல்லைத் தேடி இந்தக் கட்டுரையை எடுப்பாரு. உள்ள ஒண்ணுமே இருக்காது. நம்மளைத் திட்டுவாரு. அடுத்த தடவை நம்ம சொல்லை நம்ப மாட்டாரு." இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் அது உண்மை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"ஆமா. திட்டுவாரு. இல்லைன்னா, ஏன் இல்லைன்னு யோசிப்பாரு. எது நடக்கும்னு எனக்குத் தெரியாது."

"அவ்வளவு தூரம் போகவே போகாது. திங்கக்கிழமை நூலகத்துல செக் படிக்கிறவர் பாத்ததும் அழிச்சிடுவாரு."

"அழிக்கட்டும்" என்றார் யித்கா. "பெரிய டாக்டர் ஒரு தடவை அழிச்சாரு. இவரும் அழிக்கட்டும். தாள் போடுறவங்க பேரு எங்கயும் அச்சாகாது வெர்னா. தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகாது. இந்த ஊர்ல நான் பேரில்லாமப் பேசக்கூடிய இடம் இந்த ஒரு கட்டம்தான். அதுலயும் நானே என் வாயைப் பொத்திக்கணுமா?"

விலேமைப் பார்த்தேன். அவர் தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். தாள் தேறாவிட்டால் நாள் முழுக்கத் தனியாகக் கிடக்கப் போவது அவர்தான்.

அவர் துடைத்த தட்டை மேசைமேல் வைத்தார். "ராக்வில்லுக்குப் பஸ் எத்தனை மணிக்கு இன்ஸ்பெக்டர்?"

"ஏழரைக்கு."

"அப்ப இவளைக் காலையில எழுப்பிவிடுறது என் வேலை. அவளால தானா எழுந்திரிக்க முடியாது, தெரியுமா? ஆஸ்பத்திரி நைட் டூட்டிக்கு டிராம் நிறுத்தி வச்சுக் காத்திருந்திருக்கேன்."

"பொய்" என்றார் யித்கா. "ஒரே ஒரு நாள்."

"ஒரு டிராம் முழுக்க ஆளுங்க. அத்தனை பேரும் என்னைத் திட்டினாங்க."

யித்கா எழுந்து அவர் பின்னால் போய் நின்றார். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்வது போல ஏதோ செய்தார். "நீ விழுந்தா?" என்றார். 

"விழுவேன். நவம்பர்ல விழுந்தப்ப பிடிக்க ஒண்ணும் இல்ல, துண்டு மாட்டுற கம்பியைப் பிடிச்சேன், அது கையோட வந்துடுச்சு. கெட்டியா ஒண்ணு இருந்தாப் பிடிச்சுக்குவேன். இடது கை நல்லாத்தானே இருக்கு. மாவுருண்டையைக் கேளு."

 யித்கா ஓட்டை விழுந்த தாளைக் கசக்கி அடுப்புக்குப் பக்கத்துக் கூடையில் போட்டார்.

நான் புதிய தாளை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். இது எழுதும்போதும் மேசையில் இருக்கிறது. சரிபார்ப்பவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் விரல் வைத்துப் பார்த்தேன் என்று பொருள். போடாவிட்டால் நூலகத்துக்காரர் முதலில் பார்ப்பது அந்தக் காலி இடத்தைத்தான். ஃபிட்சிடம் என்ன சொல்வது என்று யோசித்து இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். இரண்டும் சரியாக வரவில்லை. அவர் சொன்ன விதி சரி என்றே இன்னும் நினைக்கிறேன். யித்கா செய்தது தவறு என்று எழுத முயன்றேன். அந்த வாக்கியத்தையும் முடிக்க முடியவில்லை.

பென்சிலை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் விரல் வைத்ததை நான் பார்த்தேன் என்பது மட்டும் உறுதி.

நாளை மதியத்துக்குள் தாளைத் தட்டில் வைக்க வேண்டும். வரும் வழியில் ஜார்ஜியா அவென்யூ வன்பொருள் கடையில் குளியலறைச் சுவருக்கு ஒரு இரும்புக் கைப்பிடி வாங்க வேண்டும். துண்டுக் கம்பி இருந்த இடத்தில் ஓடு உடைந்திருக்கிறது. அதற்கு அடியில் மரச்சட்டம் எங்கே இருக்கிறதென்று தட்டிப் பார்த்து, அதில்தான் திருகாணி இறக்க வேண்டும். இடது கைக்கு எட்டும் உயரத்தில்.